எதிர்ச் சந்தை

ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், றிச்மண்ட் ஹில்லில் ஒரு ரஷ்யக் கிழவர் வீட்டு வாசலில் பழைய சாமான்களை விற்கும் கராஜ் சேல். பழைய ரொக் இசைத்தட்டு ஒன்றை எடுத்தேன். உறையில் படம் இல்லை. பாட்டுகளின் பெயர்களை யாரோ ஊதா மையால் எழுதியிருந்தார்கள். திருட்டுப் பதிவு. ஈரக் கடதாசி மட்டையின் மணம்.

கனடா வரும் வழியில் அப்பா, அண்ணாவோடு மொஸ்கோவில் அடைபட்டிருந்தபோது எனக்கு ஒன்பது வயது. பதினான்கு பேருக்கு ஒரே குளியலறை. வெளியே போகக் கூடாது என்பது எங்களைக் களவாகக் கூட்டிப்போன ஏஜென்சிக்காரரின் கட்டளை. ரொக் பைத்தியமான அண்ணா மட்டும் வீதிக்கு எதிரே இருந்த திருட்டுப் பதிவுச் சந்தைக்கு ஒளித்துப் போவார். திரும்பும்போது அவருடைய கோட்டில் இதே மணம்.

"அப்பா கேட்டா குளிக்கிறன் எண்டு சொல்லு."

ஒருநாள் அவர் போன கையோடு எங்களை ஏற்றிப்போக வாகனம் வந்துவிட்டது. அப்பா கேட்டார். சொன்னேன்.

அப்பா குளியலறை வாசலிலேயே நின்றார். "கெதியா வா தம்பி" என்று கதவைத் தட்டினார்.

கதவைத் திறந்துகொண்டு வந்தது வேறு ஆள்.

"அவரை அடுத்த ஆக்களோட அனுப்புறன், ஏறுங்கோ" என்றார் ஏஜென்சிக்காரர். அண்ணா வரவேயில்லை.

"நான்தான் அவனைச் சிகரெட் வாங்க அனுப்பினனான்" என்று, எங்களுக்கு முன்னமே ரொறன்ரோவுக்கு வந்திருந்த அம்மாவிடம் அப்பா சொன்னார். அம்மா சாகும்வரை அவருக்கு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

இசைத்தட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, கையை ஜீன்ஸில் துடைத்துக்கொண்டு காருக்கு வந்தேன்.

"என்ன கிடந்தது?" என்றார் உள்ளே இருந்த அப்பா.

"பழைய சட்டி பானை" என்றேன்.