கோலைக் காப்பாற்றிய பயிற்றுவிப்பாளர்

பயிற்றுவிப்பாளராக நான் நின்ற முதல் போட்டியிலேயே எனக்குச் சிவப்பு அட்டை கிடைத்தது. பன்னிரண்டு வருடம் பின்களத்தில் விளையாடியவள் நான். எதிரணிக்காரிகளின் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறேன், மத்தியஸ்தரோடு வாய் காட்டியிருக்கிறேன். அப்போதெல்லாம் மஞ்சளோடு தப்பிவிட்டேன்.

வலது முழங்கால் சவ்வு கிழிந்து விளையாட்டை விட்டபின், ஒரு வருடம் வீட்டில் இருந்து தொலைக்காட்சியில் ஓடுகிற ஆட்டங்களைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "கத்துறதெண்டால் ஆருக்கும் பிரயோசனமாக் கத்து" என்றா. அந்தக் கிழமையே, இணுவிலுக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளின் உதைபந்தாட்ட அணிக்குப் பயிற்சி கொடுக்க ஆள் தேடினார்கள். ஓம் என்றுவிட்டேன். விசில் ஒன்றும் தொப்பி ஒன்றும் வாங்கினேன். பயிற்றுவிப்பாளருக்கு வேறு என்ன வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது.

போட்டி அச்சுவேலிப் பக்கம் ஒரு மைதானத்தில். வெயில் மண்டையைப் பிளந்தது. இரண்டாம் பாதி தொடங்கிச் சற்று நேரத்தில் எங்கள் கோல் காப்பாளர் கையைக் காட்டி, "மிஸ், தண்ணி!" என்றாள். பந்து மற்றப் பக்கத்தில் கிடந்தது. போத்தலோடு கோல் கம்பத்தடிக்குப் போனேன். கம்பத்துக்கு வெளியே வந்து, கண்ணை மூடி, அண்ணாந்து குடித்தாள். ஒரே மூச்சில் முடிக்கிற நோக்கம்.

அந்த நேரம் பார்த்து எதிரணிப் பிள்ளை ஒருத்தி ஓங்கி ஒரு அடி அடித்தாள். பந்து எங்கள் பிள்ளைகள் எல்லாருடைய தலைக்கும் மேலால் வந்து விழுந்து, ஆளில்லாத கோலை நோக்கி உருண்டது. அதற்கு ஒரு அவசரமும் இல்லை. சந்தைக்குப் போய்த் திரும்புகிற ஆள் மாதிரி ஆறுதலாக உருண்டது.

நான் யோசிக்கவில்லை. சத்தியமாக யோசிக்கவில்லை. கோட்டில் வைத்து இடக்காலால் விளாசினேன். பந்து நடுக்கோட்டையும் தாண்டிப் போனது. சனம் கைதட்டியது. நானும் பெருமையாகக் கையைத் தூக்கினேன். தூக்கிய கையில் போத்தல் மூடி இருந்தது.

மத்தியஸ்தர் ஓடி வந்தார்.

"மிஸ், என்ன செய்தனீங்கள்?"

"அடிச்சனான்."

"நீங்கள் அடிக்கேலாது."

"இப்பதான் ஞாபகம் வந்தது."

அவர் வாயை இறுக்கிச் சிரிப்பை அடக்கிக்கொண்டு சிவப்பு அட்டையைத் தூக்கினார். எதிரணிக்குப் பெனல்ரி. நான் படலைக்கு வெளியே.

மதில் என்னைவிட உயரம். அதையொட்டி ஒரு லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் வெங்காய மூடைகளோடு நின்றது. அதன் பின்பெட்டிக்குள் ஏறி நின்று ஒரு பெரியவர் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் ஏறக் காலை வைத்தேன்.

"பிள்ளை, வெங்காயம்!" என்று அதட்டினார். காலை எடுத்துவிட்டேன்.

"அப்ப என்ன நடக்குதெண்டு சொல்லுங்கோ ஐயா."

"ஒருத்தி ஓடி வாறாள்."

"பெனல்ரி அடிக்கிறவளோ?"

"அது எனக்கென்னெண்டு தெரியும்? அடிக்கிறாள்... ஐயோ, குனி!"

பந்து கம்பத்துக்கும் மதிலுக்கும் மேலால் வந்து மூடைகளுக்கு நடுவில் விழுந்தது. பெனல்ரி கோலாகாமல் பிழைத்துவிட்டது! பந்தை எடுத்தேன். ஆனால் இன்னொரு சிவப்பு அட்டைக்குப் பயமாக இருந்தது. "எறியலாமோ?" என்று இந்தப் பக்கத்திலிருந்து கத்திக் கேட்டேன்.

"கையால மட்டும்!" என்று மத்தியஸ்தரின் குரல் வந்தது.

மிச்ச ஆட்டம் முழுவதும் அந்தப் பெரியவரின் வாயால்தான். "விழுந்திட்டாள். எழும்பிட்டாள். உவள் ஏன் நிக்கிறாள்?" கடைசியில், "ஆரோ ஒரு கோல் அடிச்சிட்டினம்" என்று அறிவித்தார். அடித்தது எங்கள் பிள்ளைகள் என்பது, ஆட்டம் முடிந்து அவர்கள் படலையால் ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தபோதுதான் தெரிந்தது.

"மிஸ், நீங்கள் உள்ளுக்கை இல்லாதபடியா ஆறுதலா விளையாடினம்" என்றாள் அணித்தலைவி. கொஞ்சம் சுட்டது. ஆனால் பேருந்தில் வரும்போது இடக்காலைத் தடவிப் பார்த்தேன். என் கால்கள் முடிந்துபோயின என்று ஒரு வருடமாக நினைத்திருந்தேன். ஒன்று முடியவில்லை.

பள்ளிக்கூடம் எழுத்தில் விளக்கம் கேட்டது. நாலு தரம் எழுதிக் கிழித்து, கடைசியில் "கால் தானாகப் போய்விட்டது" என்று எழுதிக் கொடுத்தேன். அதிபர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

இப்போது ஒவ்வொரு போட்டிக்கு முன்னும் அணித்தலைவி சுண்ணாம்புத் தூளால் எனக்கென்று ஒரு வட்டம் போடுகிறாள். "இதுக்கை நில்லுங்கோ, மிஸ்." நிற்கிறேன். பெரும்பாலும்.