ரோபோவும் குழம்புத் தூக்கும்

இரண்டு வாரமாக எங்கள் அம்பத்தூர் கம்பெனி ரோபோ, மூடாத குப்பியைத் தூக்கி வைக்கும்போதெல்லாம் மருந்தைச் சிந்துகிறது. வேகத்தைப் பாதியாக்கியும் பயனில்லை. ரோபோவை வாங்குகிறவர்கள் நாளை பார்க்க வருகிறார்கள்.

இன்று காலை ஆவடி பஸ்ஸில் டிரைவர் சடாரென்று பிரேக் அடித்தார். பக்கத்தில் நின்ற ஒரு அம்மாவின் தூக்குவாளியிலிருந்த குழம்பு என் பேண்டில் கொட்டியது.

அவர் டிரைவரைப் பார்த்துக் கத்தினார்: "ஸ்பீடா போ நைனா, வேணாங்கல. நிறுத்தசொல்லோ கொஞ்சம் கொஞ்சமா நிறுத்து!"

எனக்குப் பொறி தட்டியது. ரோபோவின் வேகம் எவ்வளவு என்று மட்டுமே பார்த்திருக்கிறேன். அது எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்க்கவே இல்லை.

கம்பெனிக்குப் போனதும் புரோகிராமில் கிளம்புவதையும் நிற்பதையும் மட்டும் படிப்படியாக்கினேன். முழு வேகத்திலும் ஒரு சொட்டு சிந்தவில்லை.

"எந்த புக்குல படிச்சே?" என்கிறார் மேனேஜர்.

பேண்டிலிருக்கும் கறையைக் காட்டலாமா?