மாவுப்பூச்சிக்குக் கொன்யாக்

அந்த வருஷம் தவக்காலம் தொடங்கிய விபூதிப் புதனன்று, நெற்றியில் சாம்பலோடு, இனி குடிப்பதில்லை என்று மனைவியிடம் சொன்னேன். டாக்டர் அதை ஏற்கெனவே மூன்று முறை சொல்லியிருந்தார். அவள் நம்பினாள். இருந்தாலும், பாரிஸிலிருந்து வந்த மச்சான் பாதி குடித்து வைத்துவிட்டுப் போன கொன்யாக் பிராந்தியை பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

இரண்டாவது வாரம், மொட்டைமாடியில் அவள் வளர்க்கும் கள்ளிச்செடிகளில் மாவுப்பூச்சி வந்தது. முள்ளுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக, பஞ்சைப் பிய்த்துப் போட்டதுபோல் இருந்தது. இருவரும் மூலக்குளத்தில் ஒரு நர்சரிக்குப் போய்க் கேட்டோம்.

"ஸ்பிரிட்ட காது பட்ஸ்ல தொட்டு ஒவ்வொண்ணா தொடைங்க. கெடைக்கலன்னா பிராந்தி கூட ஓகே சார்," என்றார் நர்சரிக்காரர். அதை என்னைப் பார்த்து அவர் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு மெடிக்கலில் ஸ்பிரிட் இல்லை என்றார்கள். மூன்றாவது கடையைத் தேட எனக்கும் மனசில்லை. முள் குத்தினால் அவளுக்குக் கை வீங்கிவிடும், அதனால் வேலை என் தலையில். அவள் வெகுநேரம் யோசித்து பீரோவைத் திறந்தாள்.

"ஒங்கள நம்பித்தான் குடுக்கறேன்," என்றாள்.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு, வழக்கமாக நான் குடிக்க உட்காரும் அதே நேரத்தில், மாடிக்குப் போனேன். ஒரு மூடி கொன்யாக், ஒரு பட்ஸ். நாக்கில் ஒரு சொட்டுகூட வைக்கவில்லை. பூச்சிகள் ஒவ்வொன்றாகப் பழுப்பேறிச் செத்தன. பிரான்சு சரக்கில் சாவதற்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்பு, குருத்து ஞாயிறன்று சாயங்காலம் அவளும் மேலே வந்தாள்.

"பூச்சி எங்கங்க?"

"இருக்கு. உள்ள இருக்கு."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொட்டிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றுகூட இல்லை. பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"குடிச்சீங்களா?"

"இல்ல."

அது உண்மை. அவள் உடனே நம்பிவிட்டாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பூச்சி போய்ப் பதினைந்து நாளாகிறது என்று நானே சொன்னேன்.

"அப்பறம் எதுக்கு தெனம் மேல வந்தீங்க?"

"மோந்து பாக்கத்தான்."

வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டு வெளியே கிளம்பியிருப்பேன். அவள் பாட்டிலை என் கையில் கொடுத்து, மழைத்தண்ணீர் போகும் ஓட்டையைக் காட்டினாள்.

"நீங்களே ஊத்திடுங்க."

ஊற்றினேன். மெதுவாகத்தான் ஊற்றினேன். பாட்டில் காலியாகும்வரை அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.