பூ வலை போர்த்திய இத்தாலிக் கார்

எழுத்து கோணலும் மாணலுமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். போன வருடம்தான் எழுதப் படிக்கக் கற்றேன். இந்த இரண்டு தாளுக்கு நான்கு நாள் ஆயிற்று. வாரம் ஒன்று எழுதச் சொல்லி, பேத்தி இதைப் படம் பிடித்துப் போனில் உங்களுக்கெல்லாம் அனுப்புகிறாள்.

வெயிலில் சூடேறிய தோல் சீட்டு வாசனை... அதன்மேல் மல்லிகை வாசனை. அதற்கும் அடியில் மீன் வலை வாசனை. மூன்றும் சேர்ந்து ஒரு காருக்குள் அடித்ததை வேறு யாராவது முகர்ந்திருப்பார்களா, தெரியவில்லை.

ஐம்பதுகளின் நடுவில் என்று நினைக்கிறேன். ராயபுரத்தில் கல்யாணங்களுக்குக் கார் வாடகைக்கு விடும் ஒருவரிடம் நான் டிரைவர். என் தோஸ்து ஏகாம்பரம் கடலுக்குப் போகிறவன். அவனுக்குத் திருவொற்றியூரில் பெண் நிச்சயமாகியிருந்தது. பெண்ணின் அப்பாவுக்கு அரை மனசு.

"மாப்ள மீன் கூடையில குந்திக்கினு வருவாரா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார்.

அந்த ஒரு பேச்சுக்காகத்தான் கார்.

வெள்ளிக்கிழமைக் கல்யாணம். பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் தாலி ஏறாவிட்டால் பெண்ணை மணையிலிருந்து எழுப்பிவிடுவேன் என்றும் அவர் சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற மனிதர்.

அன்று காலை முதலாளியின் பெரிய கார் கிளம்ப மறுத்தது. மிச்சம் இருந்தது ஒன்றுதான். கப்பல் கம்பெனி துரை ஒருவர் ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போன இத்தாலிக் கார். சிவப்பு நிறம். இரண்டே கதவு, இரண்டே சீட்டு. ஸ்டியரிங் இடப்பக்கம்.

உட்கார்ந்தால் கட்டுமரத்தில் உட்கார்ந்தது போல. தரை அவ்வளவு பக்கம்! மாட்டு வண்டியின் அச்சு என் கண்ணுக்கு நேராகப் போனது. எதிரே வட்ட வட்டமாக முட்கள், அவற்றின் கீழே எழுத்துக்கள். தமிழ் எழுத்தே தெரியாத எனக்கு இத்தாலி எழுத்து எங்கே தெரியும்? முதலாளிக்கும் தெரியாது என்பதில் ஒரு சின்னத் திருப்தி.

புதுப் படகு தண்ணீரில் இறங்கும்போது அதன் மூக்குக்கு மஞ்சள் பூசிப் பூச்சாத்துவது ஏகாம்பரத்தின் குப்பத்து வழக்கம். காருக்கும் அதையே செய்தார்கள். ஒரு வலையை மூன்றாக மடித்து, கண்ணுக்குக் கண் மல்லிகை கோர்த்து, காரின் முகத்தை இழுத்து மூடிக் கட்டிவிட்டார்கள். பார்க்க அவ்வளவு அழகு. எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை...

மேளம் முன்னே, கார் பின்னே. தண்டையார்பேட்டை வரை நடை ஊர்வலம், அதற்கப்புறம் உறவுக்காரர்கள் பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு. பறப்பதற்கென்றே செய்த வண்டியை எறும்பு போல நகர்த்தினேன். காலடியில் அது உறுமியது, குலுங்கியது. ஒரு முள் மட்டும் மேலே ஏறிக்கொண்டே போனது. பெட்ரோல் நிறைய இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

தண்டையார்பேட்டை வந்ததும் பூவுக்குள்ளிருந்து புகை.

"இன்னா மாமு, கப்பலு மாதிரி பொக வுடுது?" என்றான் பக்கத்துச் சீட்டிலிருந்த ஏகாம்பரம்.

அது நீராவி. ஏறிய முள் பெட்ரோலுக்கு இல்லை, சூட்டுக்கு. பூ வலை காற்றை அடைத்து, உள்ளே தண்ணீர் கொதித்துவிட்டது. ரோட்டோரக் கடையின் கடிகாரத்தில் மணி ஒன்பதே முக்கால். வலையை அவிழ்க்கக் கை வைத்தேன்.

"கட்டுன பூவ அவுக்காதீங்கடா! அபசகுனம்!" என்று ஏகாம்பரத்தின் அத்தை கத்தினாள். மேளம் நின்றுவிட்டது.

அவன் தங்கை கன்னியம்மா முன்னால் வந்தாள். வலை பழுது பார்ப்பவள். பட்டுப்புடவையிலும் இடுப்பில் சின்னக் கத்தி இருந்தது.

"அவுக்கல அத்தே. வாய மட்டும் தொறக்கறேன். அதுக்கு மூச்சு வுட வேணாவா?"

நான்கே வெட்டு. வட்டமாக ஒரு ஓட்டை, ஒரு பூ உதிரவில்லை. சூடு தணியக் காத்திருந்து, ஈரச் சாக்கைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்து, குழாய்த் தண்ணீர் இரண்டு குடம் ஊற்றினேன். மணி பத்தைத் தாண்டிவிட்டது.

தாலியில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவது, மற்ற இரண்டும் நாத்தனார் கன்னியம்மா போடுவது. பஸ் பத்தரைக்குள் போய்ச் சேராது, அவள் இல்லாமல் நாங்கள் மட்டும் போய்ப் பயன் இல்லை. பெட்டி வைக்கிற இடத்தில், எங்கள் முதுகுக்குப் பின்னால், கன்னியம்மா மடங்கி உட்கார்ந்தாள்.

"ஓட்டு. பாத்துக்கினே நிக்காத!" என்றாள்.

ஓட்டினேன்... அதுவரை முனகிக்கொண்டிருந்த வண்டி வாய் விட்டுப் பாடியது. வெறுங்காலில் மிதித்தேன், பாதம் சொன்னது சக்கரத்துக்கு உடனே கேட்டது. வளைவில் லாரி சாயும், இது சாயவில்லை, ரோட்டைக் கவ்விக்கொண்டது. ஓட்டை வழியாகக் காற்று புகுந்து விசில் அடித்தது. கண்ணாடியெல்லாம் மல்லிகை. நான் சிரித்துக்கொண்டே ஓட்டினேனாம், ஏகாம்பரம் சொல்வான்.

பந்தல் வாசலில் பெண்ணின் அப்பா நின்றிருந்தார். மணி பத்து இருபது. காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"இதுல எப்பிடிடா மூணு பேரு குந்தினீங்க?"

"மீன் கூடைய வுட சின்னதுதான் மாமா," என்றான் ஏகாம்பரம்.

அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சரி சரி, ஓடியா. நேரமாவுது," என்று அவரே கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனார். தாலி ஏறியது. கன்னியம்மா இரண்டு முடிச்சும் போட்டாள். வலை முடிச்சு, அவிழாது!

அடுத்த தை மாதம் கன்னியம்மாவுக்கும் எனக்கும் கல்யாணம்.

போன மாதம் அதே ரோட்டில் பேரன் போனில் வரவழைத்த காரில் போனோம். ஏசி, மெத்தை, மேலே மெட்ரோ ரயில், இரண்டு பக்கமும் கன்டெய்னர் லாரி. அன்று கால் மணி நேரம்கூட ஆகாத தூரத்துக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. குறை ஒன்றும் இல்லை, சுகமாகத்தான் இருந்தது. கார் மட்டும் என்னிடம் எதுவும் பேசவில்லை.

எழுதியதைக் கன்னியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"வண்டி பாடுச்சு, வண்டி கவ்விச்சுன்னு எழுதிக்கீறியே... பின்னால நான் பயந்துபோயி உன் சட்டைய கெட்டியா புடிச்சிக்கினு வந்தேனே, அத்த எழுதினியா?"

எழுதவில்லை. அடுத்த வாரம் அதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டுமாம். உத்தரவு.