பிள்ளையார் பக்கத்தில் ஒரு போத்தல்

சோம்பேறி என்ற பட்டம் எனக்குக் கண்டியில்தான் கிடைத்தது. முப்பதுகளின் தொடக்கத்தில், கலியாணமான கையோடு தலைமன்னாரில் கப்பலை விட்டு இறங்கியபோது நான் துள்ளிக்கொண்டுதான் வந்தேன். என் கணவர் கந்தோர் ஒன்றில் கிளாக்கர். வீடு மேட்டில், தண்ணீர்க் குழாய் கீழே ரோட்டோரத்தில், நடுவில் கருங்கல் படிகள். வந்த புதிதில் இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு வாளி என்று அந்தப் படிகளை ஒரே மூச்சில் ஏறினவள்தான் நான்.

பிறகு என்ன ஆயிற்றோ, உடம்பு என் பேச்சைக் கேட்கவில்லை. முகம் உப்பியது. குரல் ஆம்பிளைக் குரலாகத் தடித்தது. ஊரே வேர்த்து விசிறும் பங்குனியில் நான் கம்பளியும் கையுமாக இருந்தேன். ஒருநாள் ஆட்டுக்கல்லில் மாவு அரைத்துக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போனேன், குழவியில் தலையைச் சாய்த்து.

"வேல செய்யச் செய்யத்தான் புள்ள சுறுசுறுப்பு வரும். ஒக்காந்தா ஒடம்பு ஒக்காந்துரும்" என்பது என் மாமியாரின் கட்சி. அத்தை கெட்டவரல்ல, பிடிவாதக்காரர். தண்ணீர், அரைப்பு, விறகு எல்லாவற்றையும் என் தலையில் கட்டினார். சாயங்காலம் வாவியைச் சுற்றி நடந்துவிட்டு வா என்று விரட்டினார். நானும் வீம்புக்குச் செய்தேன். செய்யச் செய்ய இன்னும் சோர்ந்ததுதான் மிச்சம்.

கடைசியில் அத்தை முடிவு கட்டிவிட்டார். சித்திரை பிறந்ததும் கப்பலேறி ஊருக்குப் போகிற உறவுக்காரர்களோடு என்னையும் அனுப்புவது; உடம்பு தேறியதும் வருவது. எங்கள் தெருவில் அப்படித் தேறப் போன எவளும் திரும்பி வந்ததாக நான் கேள்விப்படவில்லை. என் தகரப் பெட்டி பரணிலிருந்து கீழே இறங்கியது. அழுதேன். அந்த நாளில் எனக்கு அழுகைகூட மெதுவாகத்தான் வந்தது.

அதற்குள் என் கணவர் என்னை ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனார். பறங்கிக்காரப் பெண்மணி. தோலைக் கிள்ளினார், நாக்கை நீட்டச் சொன்னார், கழுத்தைத் தடவினார், உதிர்ந்த புருவத்தைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு கணவரிடம் இங்கிலீசில் நெடுநேரம் பேசினார். கேட்டுக்கொண்டிருந்த கணவரின் முகம் ஒரு மாதிரியாகப் போனது. வீட்டுக்கு வந்து எங்களுக்குச் சொன்னது இவ்வளவுதான்: கழுத்துக்குள்ளே ஒரு சுரப்பி இருக்கிறதாம், அதுதான் உடம்புக்கு அடுப்பாம், எனக்கு அது அணைந்து கிடக்கிறதாம். எவ்வளவு வேலை செய்தாலும் அது பற்றாதாம், மருந்துக் குளிசையால்தான் பற்றுமாம்.

நான் சோம்பேறி இல்லை! எனக்கு அந்த ஒரு சொல்லே பாதி மருந்து.

குளிசையை ஒருநாளும் விடாமல் வெறும் வயிற்றில் போட வேண்டும். எங்கள் வீட்டில் ஒருநாளும் விடாமல் வெறும் வயிற்றில் நடக்கிற காரியம் காலைப் பூசை மட்டும்தான். ஆகவே அத்தை குளிசைப் போத்தலைக் கொண்டுபோய்ச் சாமி மாடத்தில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்தார். தீபம் காட்டும்போது அதற்கும் காட்டுவார். எனக்குத் திருநீறு பூசி, குளிசையை உள்ளங்கையில் வைப்பார். நான் கண்ணில் ஒற்றி விழுங்குவேன்.

சில வாரத்தில் அடுப்பு பற்றிக்கொண்டது. ஐயோ, அதை எப்படிச் சொல்வேன்! ஒருநாள் காலையில் படியேறி மேலே வந்த பிறகுதான், நடுவில் உட்காராமல் வந்துவிட்டேன் என்று தெரிந்தது. நம்பாமல் திரும்ப இறங்கி ஏறினேன். பித்தளைச் சாமானையெல்லாம் தேய்த்தேன், தேய்த்ததையே மறுபடி தேய்த்தேன். கட்டுகஸ்தோட்டையில் பஸ் நிற்குமுன்னே குதித்துப் பாலத்தில் ஓடினேன். வாவியைச் சுற்றும்போது கணவர் பாதியில் மரத்தைப் பிடித்துக்கொண்டு, "நீ போம்மா, நான் இங்கயே நிக்கிறேன், திரும்பி வந்து கூட்டிக்க" என்றார். காரணமே இல்லாமல் சிரிப்பு வந்தது. காக்காயைப் பார்த்தும் சிரித்தேன்.

சித்திரையில் உறவுக்காரர்கள் நானில்லாமல் கப்பலேறினார்கள், பெட்டி மட்டும் மூலையில் தங்கியது. "எல்லாம் நான் வாங்கின வேலையும் பிள்ளையார் திருநீறும்தான்" என்று அத்தை தெருவெல்லாம் பெருமை பேசினார். இருந்தாலும் டாக்டருக்கு நன்றி சொல்ல வாழைப்பழச் சீப்போடு அவரே கிளம்பி வந்தார்.

"இது என்ன மூலிகைங்க, டாக்டரம்மா?"

"மூலிகை இல்லே! செம்மறியாடு. அதோட கழுத்து சுரப்பி காயவைச்சு பொடி பண்றது. ரொம்ப நல்ல ஆடு!"

என் கணவர் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார். அன்றைக்கு அவர் முகம் ஏன் அப்படிப் போனது என்று அப்போதுதான் விளங்கியது. கத்தரிக்காய் வாங்கிய கூடையில் முன்பு முட்டை இருந்தது என்று தெரிந்து, கத்தரிக்காயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவர் அத்தை. அவர் மாடத்தில் இத்தனை நாளாய் ஒரு செம்மறியாடு பூவும் பொட்டுமாகக் குடியிருந்திருக்கிறது! பஸ்ஸில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை.

மாடத்தைக் கழுவினார். பிள்ளையாரைப் பாலில் குளிப்பாட்டினார். போத்தலைக் காணவில்லை. வேறு வாங்கி ஒளித்துத் தருகிறேன் என்றார் கணவர். "திருட்டுத்தனமா முழுங்கிட்டு அவங்க முன்னால துள்ள மாட்டேன்" என்றேன். எனக்கும் வீம்பு உண்டு.

வீம்புக்கு என்ன தெரியும்? குளிர் திரும்பியது. முகம் மறுபடி உப்பியது. மூலையில் கிடந்த தகரப் பெட்டியை யாரோ தூசி தட்டி வைத்திருந்தார்கள். இந்தத் தடவை எனக்குப் பயம் வந்தது.

ஒரு காலையில் பாதிப் படியில் குடத்தோடு உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. அத்தை மேலேயிருந்து பார்த்தார், வீட்டுப் பின்பக்கம் போனார். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, வாழையிலைப் பொதி ஒன்றைப் பிரித்தார். உள்ளே போத்தல்.

"எறிஞ்சிட்டீங்கன்னு நெனச்சேன், அத்தை."

"மருந்த எறிவாங்களா? ஆட்ட வீட்டுக்குள்ள வைக்க மனசு வரல. வெறகுக் கொட்டில்ல கட்டி வச்சேன்."

குடத்திலிருந்து ஒரு கை தண்ணீர் அள்ளினார். "பிள்ளையாருகிட்டக் கேட்டுட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"என்னத்தச் சொல்லுவாரு? அவரே கழுத்துக்கு மேல ஆனையில்ல வச்சிருக்காரு. அவருகிட்டப் போயி ஆட்டுக் கழுத்தப் பத்திக் கேட்டேன் பாரு, நான் ஒரு கிறுக்கச்சி. வாயத் தொற."

தொறந்தேன். முழுங்கினேன். படியில் உட்கார்ந்து இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் குடம் உருண்டு ரோடு வரைக்கும் போய்விட்டது.

போத்தல் மாடத்துக்குத் திரும்பியது, பிள்ளையாருக்கு அந்தப் பக்கமாக, கொஞ்சம் தள்ளி. சில வாரம் கழித்து அத்தை கொல்லையிலிருந்து ஏணியைத் தூக்கிவந்து சுவரில் சாத்தினார்.

"தகரப் பெட்டியப் பரண்ல ஏத்து. நீதான் ஏத்தணும்."

பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறினேன். அத்தை கீழே ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "மெதுவாடி, மெதுவா" என்று கத்திக்கொண்டிருந்தார்.