கண்ணாடி ஏற்றிய கார்

தொண்ணூறுகளில், கனடாவில் ஸ்காபரோ பூங்காவில் என் பன்னிரண்டு வயது மகன் பேஸ்பால் விளையாடினான். யாழ்ப்பாணத்தில் பள்ளி அணிக்குக் கிரிக்கெட் ஆடிய திமிரில், கோடை முழுவதும் வேலியோரம் நின்று கத்தினேன்: "மட்டையைக் கீழ பிடியடா! உயர்த்தி அடிச்சா கட்ச் குடுப்பாய்!"

அவன் மட்டையில் ஒரு பந்தும் படவில்லை. "உவன் உருப்படமாட்டான்" என்று மற்றத் தகப்பன்மாருக்குக் கேட்கவே சொன்னேன்.

ஒருநாள் கோச் பொறுமையிழந்து அவனைக் கேட்டார்: பேஸ்பாலில் மட்டையைத் தோளுக்கு மேலே வைக்கவேண்டும் என்று தான் சொன்னால், கீழே இறக்கச் சொல்லித் தருவது யார்?

யாருமில்லை, தானே மறந்துவிடுவதாக மகன் சொன்னான். என் பக்கம் திரும்பவே இல்லை. பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை. என்ன மனிதன் நான்!

அடுத்த ஆட்டத்தன்று, "அப்பா, நீங்கள் காருக்குள்ளயே இருங்கோ" என்றான். கண்ணாடியை ஏற்றிவிட்டு இருந்தேன். அன்று மட்டை தோளுக்கு மேலேயே நின்றது. பந்து உயரப் பறந்து, எல்லோர் தலைக்கும் அப்பால் விழுந்தது.

ஓடி முடித்தவன் முதலில் காரைத்தான் பார்த்தான், நான் இறங்கிவிட்டேனோ என்ற பயத்தோடு. அந்தப் பார்வையை நினைத்தால், இன்றும் என் முகத்தில் நானே காறித் துப்பவேண்டும் போலிருக்கிறது.