காயில் கட்டிய வாரம்

என் கணவர் காரைக்குடியில், எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். போன கோடையில் பைக்கிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டோடு அவர் கடையில் சும்மா உட்கார்ந்திருந்த ஒரு காலையில், கீழச்சிவல்பட்டி விவசாயி ஒருவர் எரிந்துபோன கிணற்று மோட்டாரை வேனில் கொண்டுவந்து இறக்கினார். நான் சாப்பாட்டுத் தூக்கோடு அப்போதுதான் உள்ளே நுழைந்திருந்தேன்.

"கத்திரிச் செடியெல்லாம் வாடிப்போச்சு. எங்குட்டுப் போனாலும் காத்துக் கெடக்கச் சொல்றாக," என்றார்.

கணவர் கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினார். "இத வச்சுக்கிட்டு எப்படிண்ணே?"

"நான் கட்டுறேன்," என்றேன்.

நான் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பட்டறையில் காயில் கட்டியிருக்கிறேன். அப்புறம் ஜவுளிக்கடை ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது. கையில் கறை படாத வேலை என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்தான்.

"மறந்திருக்குமேம்மா," என்றார் கணவர்.

"நீங்க பக்கத்துலதானே இருக்கீக. தப்புன்னா சொல்லுங்க."

ஆபீசுக்கு ஒரு வாரம் லீவு சொன்னேன். கருகிய கம்பிகளை வெட்டி உருவினேன். இரும்புக் கூட்டின் பள்ளங்களைச் சுரண்டித் துடைத்து, காகிதம் வைத்து, புதுச் செம்புக் கம்பியைச் சுற்றி ஒவ்வொரு இழையாக உள்ளே இறக்கினேன். ஒரு இடத்தில் கம்பியின் மேல்பூச்சு உரசிப்போனது. "பிரிச்சிரு," என்றார் அவர். முழுச் சுற்றையும் பிரித்தேன். மறுபடி கட்டும்போது, எவ்வளவு அழுத்தினால் கம்பி படியும் என்று நான் யோசிக்கும் முன்பே கட்டைவிரல் அழுத்திவிட்டது. இத்தனை வருஷம் அது எங்கே இருந்தது என்று விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வார்னிஷ் ஊற்றி வெயிலில் காயவைத்தோம். கரண்ட் கசிகிறதா என்று அவர் இடது கையால் மீட்டர் வைத்துப் பார்த்துத் தலையசைத்தார். மோட்டாரைப் பூட்டி சுவிட்சைத் தட்டினேன்.

ஒரு முனகல். அப்புறம் ஒரே சீரான சத்தம்.

நடுவில் சுற்றும் உருளைக்கு ஒரு ஒயர்கூடப் போவதில்லை. சுற்றியிருக்கும் காயில் அதைத் தொடுவதுமில்லை. நடுவே நூலளவு இடைவெளி, வெறும் காற்று. அதைத் தாண்டித்தான் நான் கட்டிய கம்பி அந்தக் கனத்த இரும்பைச் சுழற்றிக்கொண்டிருந்தது. இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். உடம்பு சிலிர்த்தது அன்றைக்குத்தான்.

"என்ன, அழுகுறியா?"

"இல்லைங்க. சுத்துது பாருங்க."

"மோட்டார்னா சுத்தாதா?" என்று சிரித்தவர், அதை நிறுத்தச் சொல்லவில்லை. இருவரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

மறுநாள் மோட்டாரைப் பொருத்த நானும் கீழச்சிவல்பட்டிக்குப் போனேன். குழாய் இருமுறை காற்றைக் கக்கிவிட்டுத் தண்ணீரைப் பீய்ச்சியது. விவசாயி மண்வெட்டியோடு பாத்திக்கு ஓடினார். நான் மோட்டார் பக்கத்திலேயே நின்றுவிட்டேன்.

கணவருக்குக் கை கூடிவிட்டது. ஆபீசை நான் விடவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கடையில் கட்ட வேண்டிய மோட்டார் இருந்தால், அதில் அவரைக் கை வைக்க விடுவதில்லை.